பள்ளி முடிக்காதவருக்கு அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகை கிடைக்குமா?

சனிக்கிழமைகளில், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரின் நூலகத்தில் நாங்கள் சிலர் ஒரு மேசை போட்டு உட்காருவோம். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களோடு கூட இருந்து படிவத்தை நிரப்பித் தருவது எங்கள் வேலை. ஒரு ஆகஸ்ட் மாதம் கிளிநொச்சிப் பக்கத்து அக்கா ஒருவர் வந்தார். அகதியாக வந்து கிரீன் கார்டு வாங்கியவர், இரண்டு பிள்ளைகள், முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. கையில் இரண்டு தாள் வைத்திருந்தார். ஒன்று, கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) இடம் கிடைத்ததைச் சொல்லும் கடிதம். இன்னொன்று, இரண்டு பாடத்துக்கு 1,300 டாலருக்குச் சற்று மேலே வந்திருந்த பில். உதவித்தொகை என்ற வரிக்கு நேரே பூஜ்யம்.

"தம்பி, என்னைக் கொலிஜ்ல எடுத்திட்டினம். பிறகேன் காசு இல்லையெண்டு சொல்லினம்?"

படிவத்தைத் திறந்து பார்த்தோம். வருமானம் சரி, குடியேற்ற நிலை சரி. சிக்கல் ஒரே ஒரு கேள்வியில் இருந்தது: ஹைஸ்கூலை எப்படி முடித்தீர்கள்? பள்ளி டிப்ளமோ, அதற்கு இணையான அரசுச் சான்று, வீட்டிலிருந்தே படிப்பு, இவை எதுவும் இல்லை என்று பதில்கள் இருந்தன. இடம்பெயர்ந்து முகாம் முகாமாக அலைந்ததில் அக்காவின் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனது. ஓ.எல். என்ற இலங்கைப் பள்ளிப் பொதுப் பரீட்சையை எழுதவே இல்லை. அதனால் நேர்மையாகக் கடைசிப் பதிலைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்த ஒரு சொடுக்கில் பல ஆயிரம் டாலர் போய்விட்டது.

இது ஏன் இப்படி, இதற்கு வழி என்ன என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் வார்த்தைகளைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் டிப்ளமோ என்றால் பாலிடெக்னிக் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஹைஸ்கூல் டிப்ளமோ என்பது பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததற்குப் பள்ளி தரும் சான்று. ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரை. நம் கணக்கில் பிளஸ் டூ என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் இடம் கிடைப்பதும் அரசுப் பணம் கிடைப்பதும் வேறு வேறு சங்கதிகள். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்யூனிட்டி கல்லூரிகள் பெரும்பாலும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் 18 வயது தாண்டிய, படித்துப் பயன்பெறக்கூடிய யாரையும் டிப்ளமோ இல்லாவிட்டாலும் சேர்க்கலாம் என்று கல்விச் சட்டமே சொல்கிறது. ஆனால் பணம் வருவது மத்திய அரசிடமிருந்து. 1965இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், தான் படித்த டெக்சாஸ் கல்லூரிக்கே போய்க் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் நான்காவது தலைப்பின் கீழ்தான் மானியம், கடன், வளாகத்தில் பகுதிநேர வேலை எல்லாம் வருகின்றன. அந்தப் பணத்தைப் பெற மாணவரிடம் பள்ளி முடித்த சான்றோ அதற்கு இணையானதோ இருக்க வேண்டும். கல்லூரி கதவைத் திறந்து வைத்திருந்தாலும் சட்டம் பெட்டியைத் திறக்காது.

அந்தப் பெட்டியில் முக்கியமானது பெல் கிராண்ட். 1972இல் தொடங்கிய மானியம் இது. 1980இல் ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரை அதற்கு வைத்தார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை. ஏழைக் குடும்பத்து மாணவர் ஒருவர் முழுநேரம் படித்தால், சில வருடங்களாக ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் நாடு முழுக்கச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 4,000 டாலர்தான். அதாவது பெல் முழுதாகக் கிடைத்தவருக்குக் கட்டணம் போக, புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் வீட்டு வாடகையில் ஒரு பங்குக்கும் மிச்சம் இருக்கும். அது இல்லையென்றால் வேலை, கடன், கிரெடிட் கார்டு, அப்புறம் பாதியில் நிறுத்தம். ஒரு தாள் இருக்கிறதா இல்லையா என்பதற்கு இவ்வளவு கனம்.

சரி, சான்று இல்லாதவருக்குப் பணமே கிடையாது என்ற கடுமை எங்கிருந்து வந்தது? எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1970களில், பள்ளி முடிக்காதவராக இருந்தாலும் படித்துப் பயனடையக்கூடியவர் என்று கல்லூரி கருதினால் உதவி தரலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். பதினைந்து வயதில் வீட்டு நிலைமையால் பள்ளியை விட்டவர் முப்பது வயதில் திரும்பி வந்தால், அவருடைய பழைய கணக்கைப் பார்க்காமல் இப்போதைய திறமையைப் பார் என்பதுதான் அதன் பொருள். ஆனால் திறமை இருக்கிறதா என்று முடிவு செய்யும் பொறுப்பு, அந்த மாணவரைச் சேர்த்தால் லாபம் பார்க்கும் பள்ளியிடமே விடப்பட்டது. அங்கேதான் ஓட்டை விழுந்தது.

1980களில் லாபத்துக்காக நடத்தப்பட்ட தொழிற்பள்ளிகள் பல இந்த ஓட்டையில் பிழைத்தன. அரசு உதவி வாங்க வரிசையில் நிற்கிறவர்களிடமும், வீடற்றோர் விடுதிகளிலும் போய் ஆள் பிடித்தார்கள். கையெழுத்து வாங்கி, மானியத்தையும் கடனையும் மாணவர் பெயரில் எடுத்து, ஒன்றுக்கும் உதவாத வகுப்பு நடத்தினார்கள். மாணவர் பாதியில் விலகுவார். கடன் அவர் தலையில் நிற்கும். 1990இல் கடன் திருப்பத் தொடங்க வேண்டியவர்களில் 22.4 சதவீதம் பேர் இரண்டே ஆண்டுக்குள் தவணை தவறியவர்கள் ஆனார்கள். ஜார்ஜியா செனட்டர் சாம் நன் தலைமையில் செனட் துணைக்குழு இதை விசாரித்தது. அதன் பிறகு, சான்று இல்லாத மாணவர் ஒரு தேர்வில் தேற வேண்டும், அந்தத் தேர்வை வெளியாள் நடத்த வேண்டும் என்று விதி இறுகியது.

அதுவும் போதவில்லை. 2009இல் நாடாளுமன்றத்தின் கணக்குத் தணிக்கை அலுவலகம் தன் ஆய்வாளர்களை மாணவர் வேஷத்தில் ஒரு தனியார் தொழிற்பள்ளிக்கு அனுப்பியது. தேர்வு நடத்த வந்தவர் சில கேள்விகளுக்கு விடையைத் தானே சொல்லிக்கொடுத்தார். போதாதென்று, ஆய்வாளர்கள் எழுதிய விடைகளை அடித்துத் திருத்தி, அவர்களைத் தேற வைத்திருந்தார்கள். அந்த அறிக்கையைப் படிக்கும்போது எனக்கு வரும் கோபம் அந்தப் பள்ளிமேல் மட்டும் இல்லை. அந்த விடைத்தாளின் மறுபக்கத்தில் நிஜமாகவே படிக்க ஆசைப்பட்டு வந்த ஒருவர் இருந்திருப்பார். அவருக்குத் தெரியாமலே அவரைத் தேற வைத்து, அவர் பெயரில் கடன் எழுதியிருப்பார்கள்.

தண்டனை யாருக்கு வந்தது? மாணவருக்குத்தான். 2011 டிசம்பரில் பெல் கிராண்டுக்குப் பணம் பற்றாக்குறை வந்தபோது, செலவைக் குறைக்க நாடாளுமன்றம் தேர்வு வழியையே மூடிவிட்டது. 2012 ஜூலை 1க்குப் பிறகு முதல்முறையாகச் சேருகிறவருக்குச் சான்று இல்லையென்றால் மானியமும் இல்லை, கடனும் இல்லை. அதே சட்டம்தான் பெல் வாங்கும் காலத்தையும் வாழ்நாளுக்கு 12 செமஸ்டர் என்று சுருக்கியது. ஏமாற்றிய பள்ளிகளைத் தனியாகப் பிடித்திருக்கலாம். ஒழுங்காக நடக்கும் அரசுக் கம்யூனிட்டி கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்தவர்களின் வழியையும் சேர்த்து அடைத்தது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

மூன்று வருடம் கழித்து, 2014 டிசம்பரில் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். அதற்குக் காரணமான முயற்சிகளில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாஷிங்டன் மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரிகள் 2004 வாக்கில் ஐ-பெஸ்ட் என்ற பெயரில் ஒரு வகுப்பு முறையைச் சோதித்தன. ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் வெல்டிங்கோ நர்சிங் உதவியோ சொல்லிக்கொடுப்பார். இன்னொருவர் அதே பாடத்துக்குத் தேவையான கணக்கையும் ஆங்கிலத்தையும் சொல்லிக்கொடுப்பார். முதலில் அடிப்படையை எல்லாம் முடி, அப்புறம் தொழில் படி என்று காக்க வைப்பதில்லை. மருந்தளவு கணக்கிடும்போதே தசமமும் விகிதமும் வந்துவிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி கல்லூரி ஆய்வு மையம் இதை ஆராய்ந்தது. இப்படிப் படித்தவர்கள் கல்லூரிக் கிரெடிட்டும் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) தொழில் சான்றும் அதிகம் பெறுகிறார்கள் என்று கண்டது.

புதிய விதி இந்த யோசனையை ஒட்டியே வந்தது. பள்ளிச் சான்று இல்லாதவர், கட்டாயப் பள்ளி வயதைத் தாண்டியிருக்க வேண்டும். தொழிற்பயிற்சியும் பள்ளிக்கல்வியும் கூடவே நடக்கும் 'கெரியர் பாத்வே' வகைப் படிப்பு ஒன்றில் சேர வேண்டும். அதோடு, அரசு ஏற்ற ஒரு தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியில் பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ சேரும் 6 கிரெடிட்டை முடித்துக் காட்ட வேண்டும். மாநிலமே தனியாக ஒரு முறை வகுத்து மத்திய அரசிடம் ஒப்புதல் வாங்கியிருந்தால் அதுவும் செல்லும். முதலில் இவர்களுக்குப் பெல் தொகையைக் குறைத்தே கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் அந்தக் குறைப்பையும் எடுத்துவிட்டார்கள். 'பயன்பெறும் திறன்' வழி என்று கல்லூரி அலுவலகங்களில் சொல்வது இதைத்தான்.

அந்த 6 கிரெடிட் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ஆறுக்கும் மத்திய அரசின் பணம் வராது, கைக்காசு போட வேண்டும். கலிஃபோர்னியாவில் கிரெடிட்டை யூனிட் என்பார்கள், ஒரு யூனிட் 46 டாலர். ஆறு யூனிட்டுக்கு 276 டாலர். குறைந்த வருமானம் உள்ள கலிஃபோர்னியாவாசிகளுக்கு அந்தக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் மாநிலத் திட்டமும் இருக்கிறது. சில மாநிலங்களில் இதே ஆறு கிரெடிட் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல்: கெரியர் பாத்வே படிப்பு எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. இருக்கிற கல்லூரியிலும் முன்மேசையில் இருப்பவருக்கு அது தெரியாமல் போகலாம். உதவித்தொகை அலுவலகத்தில் 'பயன்பெறும் திறன் வழியில் இங்கே மாணவரை எடுக்கிறீர்களா' என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு எளிய வழி ஜிஇடி. 1942இல், இரண்டாம் உலகப் போருக்காகப் பள்ளியை விட்டுப் போன சிப்பாய்களுக்காக உருவான தேர்வு இது. திரும்பி வருகிற இளைஞரை மறுபடி பதினாறு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வைக்க முடியாது என்பதால், தெரிந்ததைக் காட்டு, சான்று வாங்கிக்கொள் என்றார்கள். 1947இல் நியூயார்க் மாநிலம் சாதாரண மக்களுக்கும் இதைத் திறந்துவிட்டது. இப்போது கணக்கு, மொழி, அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு தாள். எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரம் வரும். ஆனால் ஒவ்வொன்றையும் வேறு வேறு நாளில் எழுதலாம். மதிப்பெண் 100இலிருந்து 200 வரை, 145 எடுத்தால் தேர்ச்சி. ஒரு தாளில் கோட்டைவிட்டால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே எழுத முடியும் என்பது நம்மவர்களுக்குச் சிரமம்தான். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் மாநிலவாசிகளுக்கு இலவசம். ஹைசெட் என்ற இன்னொரு தேர்வையும் பல மாநிலங்கள் ஏற்கின்றன.

படிக்கவும் காசு தேவையில்லை. வயதுவந்தோர் கல்விக்கு மத்திய அரசு மாநிலங்களுக்குப் பணம் தருகிறது. அந்தப் பணத்தில் ஊர்ப் பள்ளிகளிலும் கம்யூனிட்டி கல்லூரிகளிலும் மாலை வகுப்பு நடக்கிறது. ஜிஇடி வகுப்பு என்று சொல்லி நூற்றுக்கணக்கில் டாலர் கேட்கிறவரிடம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. அமேசான், வால்மார்ட் போன்ற பெரிய முதலாளிகள் ஊழியர்களுக்குப் பள்ளிச் சான்று வாங்கும் செலவை ஏற்கிறார்கள். கிடங்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

ஜிஇடி சான்று வேலைச் சந்தையில் டிப்ளமோவுக்குச் சமமாக மதிக்கப்படுகிறதா என்றால், இல்லை. நோபல் பெற்ற பொருளாதாரப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹெக்மன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஜிஇடியோடு நின்றுவிடுகிறவர்களின் சம்பளம், பள்ளி முடித்தவர்களைவிட முடிக்காதவர்களின் சம்பளத்தோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்று அவருடைய குழு காட்டியது. ஆனால் உதவித்தொகைக் கணக்கில் ஜிஇடியும் டிப்ளமோவும் ஒன்றேதான். அதனால் ஜிஇடியைப் பயணத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளாமல், பெல் கிராண்டைத் திறக்கும் சாவியாக எடுத்துக்கொள்கிறவருக்குத்தான் அதன் முழுப் பயன்.

வெண்டிஸ் உணவகங்களைத் தொடங்கிய டேவ் தாமஸ் 15 வயதில் பள்ளியை விட்டவர். கோடீஸ்வரரான பிறகு, பள்ளி முடிக்காமலே ஜெயிக்கலாம் போல என்று தன்னைப் பார்த்துப் பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டார். 1993இல், அறுபது வயதைத் தொட்ட பிறகு, புளோரிடாவில் ஜிஇடி வாங்கினார். அந்த ஊர் ஹைஸ்கூல் மாணவர்கள் அவரைத் தங்கள் வகுப்பில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டு, பள்ளி நடன விழாவில் அவரையும் மனைவியையும் ராஜா ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சான்று வாங்க வெட்கப்படுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. நாற்பது வயதில் பிள்ளைகளின் புத்தகத்தை வாங்கிப் படிக்கக் கூசுகிற அம்மாக்கள் எங்கள் மேசைக்கு நிறைய வருகிறார்கள்.

அந்தக் கூச்சத்தைக் காசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இணையத்தில் ஒரு சின்னத் தேர்வு எழுதி, 200, 300 டாலர் கட்டினால் ஹைஸ்கூல் டிப்ளமோ வீட்டுக்கே வரும் என்று விளம்பரம் வரும். புளோரிடாவிலிருந்து அப்படி நடத்தியவர்கள்மேல் 2014இல் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. அந்தத் தாளைக் கல்லூரியிடம் காட்டினால், அது உண்மையான பள்ளிதானா என்று சரிபார்க்கும் கடமை கல்லூரிக்கு இருக்கிறது. போலி என்று தெரிந்தால் அதுவரை வாங்கிய உதவித்தொகையையும் திருப்பக் கேட்பார்கள். ஆகவே, மாநிலக் கல்வித் துறை அங்கீகரித்ததா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வேறொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. 1986க்குப் பிறகு எடுத்த மத்திய அரசுக் கல்விக் கடன் ஒன்று உங்கள் பெயரில் இருக்கிறது. அப்போது உங்களிடம் பள்ளிச் சான்று இல்லை, தேர்வும் ஒழுங்காக நடக்கவில்லை, ஆனாலும் தகுதி உண்டு என்று பள்ளி பொய்யாக எழுதிக் கடன் எடுத்திருக்கிறது. அப்படியானால் அந்தக் கடனை ரத்து செய்யக் கேட்கலாம். பொய்ச் சான்றளிப்புக்கான கடன் ரத்து என்று இதற்குத் தனிப் படிவமே உண்டு. பழைய கடன் தவணை தவறிக் கிடந்தால் புதிதாகப் பெல் கிடைக்காது. அதனால் இருபது முப்பது வருடம் கழித்துப் படிக்க வருகிறவருக்கு இதுதான் முதல் வேலையாகக்கூட இருக்கலாம்.

எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் காசு மிச்சமாவதும் கரைவதும் இருக்கிறது. முதலில் சான்று, பிறகு ஃபாஃப்சா என்ற அரசின் இலவச விண்ணப்பம், அதன் பின் கல்லூரிப் பதிவு. கடன் எல்லாவற்றுக்கும் கடைசி. ஃபாஃப்சா நிரப்பக் காசு கேட்கிற தளத்தை உடனே மூடிவிடுங்கள். 24 வயதுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அப்பா அம்மாவின் வருமான விவரமும் கேட்பார்கள். திருமணமானவர், தான் காப்பாற்றும் பிள்ளை உள்ளவர், படையில் இருந்தவர், 13 வயதுக்குப் பிறகு பெற்றோரை இழந்தவர் அல்லது அரசு வளர்ப்பு இல்லத்தில் இருந்தவர், வீடில்லாமல் தனியாக இருக்கும் இளைஞர் ஆகியோருக்கு அது தேவையில்லை. வீட்டில் சண்டை போட்டுப் பள்ளியையும் வீட்டையும் ஒரே நாளில் விட்ட பிள்ளைகள் இந்த இடத்தில் திகைத்து நிற்பார்கள். அவர்கள் கல்லூரி உதவித்தொகை அலுவலரிடம் தங்கள் நிலையை எழுத்தில் சொன்னால், விதிவிலக்குத் தரும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

பாதியில் விலகுவதில் ஒரு பொறி உண்டு. செமஸ்டரில் 60 சதவீதம் முடியும் முன் எல்லா வகுப்பையும் விட்டுப் போனால், வந்த உதவித்தொகையில் ஒரு பகுதி திரும்பப் போகும். அந்தப் பள்ளத்தைக் கல்லூரி உங்கள் பெயரில் பாக்கியாக எழுதும். வேலையும் குடும்பமும் வைத்திருப்பவர் நான்கு பாடம் எடுத்துத் திணறுவதைவிட இரண்டு பாடம் எடுத்து முடிப்பது நல்லது என்று நான் எப்போதும் சொல்வேன்.

நம்மவர்களில் யாருக்கு இதெல்லாம் பொருந்தும்? குடியுரிமை உள்ளவர், கிரீன் கார்டு உள்ளவர், அகதியாகவோ புகலிடம் பெற்றவராகவோ வந்தவர். எஃப்-1 மாணவ விசாவில் இருப்பவருக்கும், வேலை விசாக்காரரின் துணையாக எச்-4 விசாவில் இருப்பவருக்கும் மத்திய உதவி கிடையாது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பள்ளியை முழுதாக முடித்திருந்தால், அந்தச் சான்றை மதிப்பீடு செய்யும் நிறுவனத்திடம் அனுப்பி, அமெரிக்கப் பள்ளிக் கல்விக்குச் சமம் என்று எழுதி வாங்கினால் போதும், ஜிஇடி வேண்டாம். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் பெரும்பாலும் ஜிஇடிக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

அந்த அக்காவுக்கு அருகில் கெரியர் பாத்வே வகுப்பு எதுவும் கிடைக்கவில்லை. கல்லூரியில் பேசி, பில்லை ரத்து செய்து, சேர்க்கையை ஒரு வருடம் தள்ளி வைத்தோம். இரவு வேலை முடிந்து வந்து, பகலில் நூலகத்தின் மூலை மேசையில் கணக்குப் படித்தார். பின்னத்தை அவருக்குப் புரிய வைத்தது அவருடைய ஏழாம் வகுப்பு மகள். மொழித்தாள் முதல் தடவையிலேயே தேறியது. கணக்கில் 142 வந்தது. மூன்று மதிப்பெண்ணில் போனதென்று அன்றைக்கு அழுதார். அடுத்த மாதம் 147.

மறுபடி ஃபாஃப்சாவைத் திறந்தோம். அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை இரண்டாவது பதிலை அவரே தொட்டார். ஜனவரியில் இரண்டு பாடம் எடுத்தார். பாதிநேரம் என்பதால் அந்த செமஸ்டருக்குப் பெல் 1,849 டாலர். கட்டணமும் புத்தகமும் போக மிஞ்சியதில் மகளுக்குக் குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்கினார்.